வாய்க்கு ஒரு பூட்டு, சுவருக்கு ஒரு பூட்டு

2013 செப்டம்பர் 21, சனிக்கிழமை. தனி வட மாகாண சபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்த நாள். அன்று காலை யாழ்ப்பாணத்தில் 'உதயன்' நாளிதழ் என்று ஒரு தாள் கைமாறியது. தலைப்பெழுத்து, பக்க அமைப்பு எல்லாம் உதயன் போலவே இருந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கத்தின் பக்கம் போய்விட்டார் என்பது அதிலிருந்த செய்தி. உதயன் அப்படியோர் இதழை அச்சடிக்கவே இல்லை. அனந்தியும் எங்கும் போகவில்லை. முந்தைய நாள் அதிகாலையில்தான் அவர் வீடு தாக்கப்பட்டிருந்தது.

யாழ்ப்பாணத்து வாக்காளர் அதில் ஏமாறவில்லை. சபையின் 38 இடங்களில் 30 கூட்டமைப்புக்குப் போயின. யாழ் மாவட்ட விருப்பு வாக்கில் கூட்டமைப்பின் முதலமைச்சர் வேட்பாளர் சி. வி. விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம் அனந்திக்கு. ஆனால் அந்தத் தாளை அடித்தவர் தேர்ந்தெடுத்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். வாக்குப்பதிவுக்கு முன் 48 மணி நேரம் பரப்புரை கூடாது என்பது சட்டம். கூட்டம் போட முடியாது, ஒலிபெருக்கியில் மறுக்க முடியாது, துண்டுப்பிரசுரம் கொடுக்க முடியாது. சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவன் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, கட்டுப்படாதவன் பேசுகிறான். வாக்காளர் அமைதியாக யோசிக்கட்டும் என்று வைத்த இடைவெளி பொய்யனுக்குத்தான் அதிகம் உதவுகிறது. இந்தியாவிலும் அதே 48 மணி நேரம், அதே ஓட்டை.

எட்டு ஆண்டு கழித்து, கடலுக்கு இந்தப் பக்கம். 2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல். மார்ச் கடைசி வாரத்தில் தி.மு.க.வின் ஆ. இராசா ஒரு கூட்டத்தில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் பிறப்பை இழுத்து ஒரு ஒப்புமை சொன்னார். அரசியல் வளர்ச்சியைத்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கினார். ஆனால் கேட்டவர் காதில் விழுந்தது ஒரு தாயைப் பற்றிய பேச்சு. பழனிசாமி பிரச்சார வண்டியில் நின்றபடி கண்கலங்கினார். இராசா மன்னிப்புக் கேட்டார். அதோடு விடவில்லை தேர்தல் ஆணையம். நோட்டீஸ் போனது, பதில் வந்தது, ஏப்ரல் 1-ல் ஆணை பிறந்தது: 48 மணி நேரம் பிரச்சாரத் தடை, நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். பிரச்சாரம் ஏப்ரல் 4 மாலையோடு முடிகிறது. கடைசி நாட்களில் பாதி போயிற்று.

ஒரு பக்கம் பொய், இன்னொரு பக்கம் வசை. தேர்தல் மேடையின் இரண்டு பழைய நோய்கள் இவை. பொய் சொன்னவர் முகமே தெரியாமல் தப்பினார், வசை பேசியவர் ஒரு வாரத்துக்குள் மேடையை விட்டு இறக்கப்பட்டார். இரண்டு நாட்டுக்கும் சட்டத்தில் தாய்வீடு ஒன்றுதான் என்பதால் இந்த வேறுபாடு யோசிக்க வைக்கிறது.

வேட்பாளரின் சொந்த ஒழுக்கத்தைப் பற்றிப் பொய் பரப்புவது தேர்தல் குற்றம் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1895-ல் சட்டம் செய்தது. அந்த வாசகம் ஏறக்குறைய அப்படியே இலங்கையின் 1946 தேர்தல் ஆணைக்குள் வந்தது. இந்தியாவில் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவாக உட்கார்ந்தது. தேர்தல் சுவரொட்டியிலும் துண்டுத்தாளிலும் அச்சகத்தாரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பதும் இப்படி வந்ததுதான். தமிழ்நாட்டில் எந்தக் கட்சி போஸ்டரையும் குனிந்து பார்த்தால் அடி ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி தெரியும்: அச்சகத்தின் பெயர், ஊர், சில சமயம் எத்தனை பிரதி என்ற எண்ணிக்கை. தலைவரின் முகம் ஆறடி, பொறுப்பேற்பவரின் பெயர் அரை அங்குலம்கூட இல்லை. ஆனாலும் அந்த வரி இருந்தால்தான் யார்மேல் வழக்கு என்று கேட்க முடியும். போலிப் பத்திரிகையில் அந்த வரியும் போலிதான். தேர்தல் மனு என்பது வென்ற வேட்பாளரையோ அவர் முகவரையோ நோக்கிப் போடுவது. முகம் தெரியாத அச்சகத்தின் மேல் யார் மனுப் போடுவது?

முகம் தெரிந்த பொய்யருக்கே தண்டனை அபூர்வம். எனக்குத் தெரிந்து எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்கது மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் வழக்கு. 1991 மக்களவைத் தேர்தலில் வென்ற யஷ்வந்த்ராவ் கடாக், எதிர்த்து நின்ற பாலாசாகேப் விகே பாட்டீல் பணத்தால் ஓட்டு வாங்கப் பார்க்கிறார் என்ற பொருளில் பேசியது பொய் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1993 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் கடாக்கின் வெற்றி செல்லாது என்றது. அதே வழக்கில் சரத் பவாரின் பேச்சும் விசாரணைக்கு வந்தது, அவர் விடுபட்டார். பெரிய தலைவர்கள் எந்தத் தரத்தில் பேசுகிறார்களோ அந்தத் தரத்தில்தான் கீழே உள்ளவர்களும் பேசுவார்கள் என்று நீதிபதிகள் அப்போது வருந்தினார்கள். இந்திய நீதிமன்றக் கணக்கில் இரண்டரை ஆண்டு என்பது வேகம்தான். ஆனாலும் அதற்குள் அந்த உறுப்பினர் தன் பதவிக்காலத்தில் பாதியைக் கழித்துவிட்டார்.

நீதிமன்றத்தால் வேகமாக வர முடியாது என்பது தெரிந்துதான் இந்தியா வேறொரு கருவியைத் தேடியது. மாதிரி நடத்தை விதிகள் பிறந்தது தில்லியில் இல்லை, கேரளத்தில். 1957-ல் வந்த ஈ.எம்.எஸ். அரசு கலைக்கப்பட்டு, மாநிலமே இரண்டாகப் பிளந்து கிடந்த நேரம். 1960 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் கட்சிகள் உட்கார்ந்து, ஊர்வலம் எப்படிப் போவது, அடுத்தவன் கூட்டத்தைக் கலைக்காமலிருப்பது, எதைப் பேசலாம் எதைப் பேசக்கூடாது என்று ஒத்துக்கொண்டன. 1962-ல் தேர்தல் ஆணையம் அதை நாடு முழுக்க அனுப்பியது. 1979-ல் ஆளுங்கட்சிக்கென்று தனிப் பகுதி சேர்ந்தது. டி. என். சேஷன் 1990-ல் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆகும்வரை அதைப் பெரும்பாலோர் ஒரு நல்லெண்ண அறிக்கையாகத்தான் வைத்திருந்தார்கள். இன்றுவரை அது சட்டம் இல்லை. சட்டம் இல்லாததுதான் அதன் பலம் என்று நினைக்கிறேன். சட்டமாக்கியிருந்தால் வாய்தா வாங்கியிருப்பார்கள்.

இராசாவுக்கு நேர்ந்ததில் 48 மணி நேரத் தடையைத்தான் பத்திரிகைகள் தலைப்பாக்கின. கட்சி அலுவலகங்களில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு வலித்தது மற்றது. நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலில் பெயர் இருந்தால் அவர் ஊர் ஊராகப் போகும் பயணச் செலவு கட்சிக் கணக்கில் ஏறும். கட்சியின் செலவுக்கு இந்தியச் சட்டத்தில் உச்சவரம்பே கிடையாது. பெயர் இல்லாவிட்டால் அந்தச் செலவு அவர் யாருக்காகப் பேசுகிறாரோ அந்த வேட்பாளரின் தலையில் விழும், அவருக்கோ வரம்பு உண்டு. நாக்கைச் செலவுக் கணக்கோடு முடிச்சுப் போட்ட இந்த ஏற்பாடு, எந்த உபதேசத்தையும்விட நன்றாக வேலை செய்கிறது.

வேலை செய்யாத இடமும் உண்டு. தமிழ்நாட்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு பழைய வேலைப் பங்கீடு இருக்கிறது. கூட்டம் சேரும்வரை உள்ளூர்ப் பேச்சாளரோ தலைமைக் கழகப் பேச்சாளரோ மைக்கைப் பிடிப்பார். எதிர்க்கட்சித் தலைவரின் குடும்பம், சாதி, படுக்கையறை எதுவும் மிஞ்சாது. முன்வரிசையில் சிரிப்பு. இரவு ஒன்பது மணிக்குத் தலைவர் வருவார், 'மாற்றாரையும் மதிக்கும் மரபு நம்முடையது' என்கிற தோரணையில் பேசிவிட்டுப் போவார். வசைக்கும் பண்புக்கும் ஒரே மேடை, ஒரே வாடகை. ஆணையத்தின் நோட்டீஸ் தலைவரை எட்டுகிறது. அந்தத் தலைமைக் கழகப் பேச்சாளருக்கு இன்னொரு ஊரில் அடுத்த நாளே கூட்டம் இருக்கும்.

இந்த மண்ணில் வேறொரு கதையும் சொல்வார்கள். காஞ்சிபுரத்தில் அண்ணா போட்டியிட்டபோது அவர் பிறப்பை இழிவாக எழுதி அவர் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு பலகை வைத்தார்களாம். தொண்டர்கள் உடைக்கப் போனார்கள். அண்ணா தடுத்து, இரவிலும் எல்லோரும் படிக்கட்டும் என்று ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை அதன் பக்கத்தில் ஏற்றி வைக்கச் சொன்னார். திராவிடக் கட்சி மேடையில் வளர்ந்தவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவார். அதே மேடையில்தான் பிறப்பை இழுக்கும் பேச்சும் இன்னும் ஓடுகிறது. கதையைச் சொல்லும் வாய்தான் வசையையும் சொல்கிறது, அதில் யாருக்கும் கூச்சம் இருப்பதாகத் தெரியவில்லை.

இலங்கைக்கு வருவோம். அங்கே சட்டம் வாயைவிடச் சுவரையும் தெருவையும்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக் காக்கிறது. வேட்புமனுத் தாக்கல் தொடங்கி வாக்களிப்பு முடியும்வரை ஊர்வலம் கூடாது. பொது இடத்தில் சுவரொட்டியோ பதாகையோ கூடாது. கூட்டம் நடக்கும் இடத்திலும் அலுவலகத்திலும் மட்டும் வரையறையோடு வைக்கலாம். தமிழ்நாட்டுத் தேர்தலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விடுமுறை நாள் போலத் தோன்றும். நடப்பதோ வேறு. இரவில் ஒட்டுவார்கள். காலையில் பொலிஸார் கிழிப்பார்கள். கிழிப்பதற்கென்றே ஒவ்வொரு தேர்தலுக்கும் பொலிஸ் திணைக்களம் தற்காலிகக் கூலியாட்களை அமர்த்துகிறது. ஒட்டுகிறவருக்கும் கூலி, சுரண்டுகிறவருக்கும் கூலி.

ஆனால் இந்தக் கட்டுப்பாடெல்லாம் ஒரு காலத்தில் வன்முறையின் முன் செல்லாக் காசாகக் கிடந்தது. 1999 ஜனவரி 25-ல் நடந்த வடமேல் மாகாண சபைத் தேர்தலை இலங்கையில் 'வயம்ப' என்ற ஒரே சொல்லால் குறிப்பார்கள், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. வாக்குச்சாவடிகளில் புகுந்து வாக்குச்சீட்டுகளை அள்ளிப் போட்டார்கள், முகவர்களை அடித்து விரட்டினார்கள். எதிர்க்கட்சியின் பெண் ஆதரவாளர்களை ஆடை களைந்து அவமானப்படுத்தினார்கள். ஒரு மாகாண சபையைப் பிடிப்பதற்கு இவ்வளவு. அதை உலகுக்குச் சொன்னது அரச தேர்தல் திணைக்களம் அல்ல, கண்காணிப்பு அமைப்புகள். 1987-ல் தொடங்கிய பஃப்ரல், 1997-ல் வந்த தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையம் ஆகியவை சாவடி சாவடியாகக் குறிப்பெடுத்தன. கூச்சல் பெரிதானது. அதே ஆண்டு ஏப்ரலில் ஐந்து மாகாணங்களில் நடந்த தேர்தல் எவ்வளவோ அடங்கி நடந்தது. இந்தியாவில் ஆணையம் செய்யும் வேலையில் ஒரு பங்கை இலங்கையில் தொண்டர் அமைப்புகள் தோளில் சுமந்தன. இலங்கைத் தேர்தல்களின் இருபது முப்பது ஆண்டு வரலாற்றில் நான் மிக மதிக்கும் அம்சம் இதுதான். தமிழ்நாட்டில் சாவடிக்குச் சாவடி இப்படி நின்று குறிப்பெடுக்கும் பொதுமக்கள் அமைப்பு எதையும் காணவில்லை. எல்லாம் ஆணையம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

இலங்கையில் வேட்பாளர் தன் எதிரியை எதிர்க்கட்சியில் மட்டும் தேடவேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் அந்த நாட்டுப் பரப்புரையின் ருசி பிடிபடும். வாக்காளர் முதலில் ஒரு கட்சியின் சின்னத்துக்கு வாக்களிக்கிறார். பிறகு அந்தக் கட்சிப் பட்டியலில் மூன்று பேருக்குவரை விருப்பு வாக்கு போடலாம். மாவட்டத்தில் கட்சிக்கு எத்தனை இடம் என்பதைச் சின்னம் முடிவு செய்கிறது. அந்த இடத்தில் யார் உட்கார்வது என்பதை விருப்பு வாக்கு முடிவு செய்கிறது. ஆக ஒரே பட்டியலில் நிற்பவர்கள் ஒருவர் காலை ஒருவர் வாரவேண்டும். எதிர்க்கட்சிக்காரனின் ஓட்டைத் திருப்புவது கடினம், சொந்தக் கட்சிக்காரனின் விருப்பு வாக்கைத் திருப்புவது சுலபம். கொழும்பில் ஒட்டிய போஸ்டரின் மேல் இன்னொரு போஸ்டர் ஒட்டியிருந்தால் அடியில் இருப்பது பெரும்பாலும் அதே கட்சிக்காரரின் முகமாக இருக்கும்.

இது போஸ்டரோடு நின்றதில்லை. 2011 அக்டோபர் 8-ல் உள்ளூராட்சி வாக்களிப்பு நடந்த நாளிலேயே முல்லேரியாவில் ஆளும் கூட்டணியின் பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 2016-ல் மரண தண்டனை பெற்ற துமிந்த சில்வாவும் அதே கூட்டணிக்காரர். தமிழ்ப் பகுதியில் துப்பாக்கி வரை போகாவிட்டாலும் கசப்பு குறைவில்லை. 2020 பொதுத் தேர்தலில் யாழ் மத்திய கல்லூரி வாக்கெண்ணும் நிலையத்தின் வாசலில் நள்ளிரவில் கூட்டம் கொதித்தது ஒரே கட்சிக்காரர்களின் விருப்பு வாக்கு எண்ணிக்கையை வைத்துத்தான்.

தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஒரு கட்சியில் ஒருவர்தான். சீட்டுக்கு அடித்துக்கொள்வது வேட்பாளர் பட்டியல் வரும்வரை. வந்த பிறகு உள்ளடி வேலை இருக்கும், ஆனால் வெளிப்படையாகச் சொந்தக் கட்சிக்காரனைத் திட்டிப் போஸ்டர் அடிக்க முடியாது. அதனால் அவ்வளவு வசையும் மொத்தமாக எதிரணித் தலைவர்மேல் இறங்குகிறது. பண்பு, பண்பாடு என்று நாம் பேசிக்கொண்டிருப்பதில் பாதி, இடங்களைப் பங்கிடும் முறையின் விளைவு. இலங்கையர் இந்தியரைவிடக் கோபக்காரர், தமிழ்நாட்டார் மற்றவரைவிட வாயாடி என்பதெல்லாம் டீக்கடைச் சமூகவியல்.

பணத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை, தமிழ் வாசகருக்குத் தெரியாததில்லை. 2009 திருமங்கலம் இடைத்தேர்தல் ஒரு 'ஃபார்முலா'வாகவே பெயர் பெற்றது. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ரத்தானது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தொகுதி. வாக்குப்பதிவுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கிவிடுவார்கள். இதில் எனக்குப் புரியாதது ஒன்றுதான். மறுபடி தேர்தல் வைத்தபோது அதே வேட்பாளர்கள் நின்றார்கள். டி.டி.வி. தினகரன் 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் குக்கர் சின்னத்தில் வென்றார், 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற புகார் ஊரெல்லாம் பேச்சு. வேலூரில் கதிர் ஆனந்த் ஆகஸ்டில் வென்றார். ரத்து என்பது ஊருக்குத் தண்டனை, ஆளுக்கு இல்லை.

இலங்கை இந்த விஷயத்தில் நெடுங்காலம் சும்மா இருந்தது. பரப்புரைச் செலவுக்கு வரம்பு வைக்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று தேர்தல்கள் ஆணைக்குழு நிர்ணயித்தது. 1 கோடியே 71 லட்சம் வாக்காளர்கள். பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு ஏறத்தாழ 187 கோடி இலங்கை ரூபாய். முடிவு வந்து 21 நாளுக்குள் கணக்குக் கொடுக்கவேண்டும். வேட்பாளர்களின் சொத்து விவரத்தையும் ஆணைக்குழு அந்த முறை பகிரங்கமாக வெளியிட்டது. இந்தியாவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் பலத்தில் 2003 முதலே வேட்பாளரின் சொத்தும் குற்ற வழக்கும் பிரமாணப் பத்திரத்தில் வந்தாக வேண்டும். இருபது ஆண்டு முந்தியிருந்தும் நம் வேட்பாளர்களின் குற்ற வழக்குப் பட்டியல் சுருங்கியதாகச் சொல்ல முடியாது. கண்ணாடி முன்னால் நிற்கவைத்தால் முகம் மாறிவிடாது. இலங்கையில் 2015 மார்ச் 12-ல் பஃப்ரலும் பிற அமைப்புகளும் சேர்ந்து தொடங்கிய 'மார்ச் 12' இயக்கம் வேறு வழி பார்த்தது. குற்றவாளிக்கும் ஊழல்காரருக்கும் இடம் கொடுப்பதில்லை என்பது உட்பட எட்டு அளவுகோல்களைக் காட்டிப் பிரதான கட்சித் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கியது. கையெழுத்துப் போட்ட கட்சிகளின் அடுத்த பட்டியலை மக்கள் அந்த அளவுகோலால் அளந்தார்கள், கட்சிகள் அவ்வளவாக அளக்கவில்லை.

வாக்குறுதியின் நேர்மைக்கு வந்தால் இரண்டு பக்கமும் அரிசியில்தான் தொடங்க வேண்டும். 1967-ல் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது. நான் அறிந்த தேர்தல் முழக்கங்களில் இது விசித்திரமானது. பெரிய ஆசையையும் அதன் மேல் சந்தேகத்தையும் ஒரே வரியில் சொன்னது. ஆட்சிக்கு வந்ததும் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் மட்டும் தொடங்கியது, மாநிலம் முழுக்கப் பரவவில்லை. 'நிச்சயம்' என்றதற்கும் வரம்பு வந்துவிட்டது. மூன்று ஆண்டு கழித்து இலங்கையில் 1970 தேர்தல். அரிசிப் பங்கீட்டை முந்தைய அரசு ஒரு கொத்தாகக் குறைத்து இலவசமாக்கியிருந்தது. இரண்டு கொத்தாக்குவேன், சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவேன் என்று சிறிமாவோ பண்டாரநாயக்கா சொன்னதாக இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டாம் கொத்து வந்தது, இலவசமாக அல்ல. சில ஆண்டுகளில் மரவள்ளிக் கிழங்கும் பாணுக்கு வரிசையும் வந்தன. 1977-ல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா கிழமைக்கு எட்டுக் கிலோ தானியம் என்றார். வென்றார், அதுவும் ஆறில் ஐந்து பங்கு பலத்தோடு. தானியத்துக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. முழக்கத்திலேயே தன் ஐயத்தைச் சேர்த்துச் சொன்ன 1967 வரியை, இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நேர்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லலாம்.

பின்னால் வந்தவை வேறு அளவு. 2006-ல் வண்ணத் தொலைக்காட்சி, 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி. இவை லஞ்சமா, வாக்குறுதியா என்ற கேள்வி தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2013 ஜூலை 5-ல் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், தேர்தல் அறிக்கையில் சொல்வது 123-ஆம் பிரிவின் கீழ் ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனால் நெறிமுறை வகுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதன்படி மாதிரி நடத்தை விதியில் ஒரு பகுதி சேர்ந்தது: வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை ஓரளவாவது காட்டவேண்டும். எந்தக் கட்சி அறிக்கையில் அந்தப் பக்கத்தை யார் படித்திருக்கிறார்கள்? வீட்டுக்கு வந்து சேர்ந்த தொலைக்காட்சி ஓடியது என்பதைத்தான் வாக்காளர் பார்க்கிறார். அவர் கணக்கில் அது சொன்னதைச் செய்த நேர்மை. இதைக் கேலி செய்கிற நடுத்தர வர்க்கக் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தத் தொலைக்காட்சியில் என்ன ஓடியது என்பது தனிக் கதை. 1993-ல் சன், 1999-ல் ஜெயா, 2007-ல் கலைஞர் என்று தமிழ்நாட்டுக் கட்சி அரசியல் வீட்டுக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. எந்தச் சேனல் யாருக்கு என்று வீட்டுப் பாட்டிக்கும் தெரியும். ஒளிவு இல்லாத ஒருதலைப்பட்சம். இலங்கையில் சிக்கல் அரச ஊடகம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ரூபவாஹினியும் இலங்கை வானொலியும் பதவியில் இருப்பவருக்குப் பறையடிப்பதைத் தடுக்கவே அரசியலமைப்பின் 17-ஆம் திருத்தம் ஓர் அதிகாரத்தைத் தேர்தல் நிர்வாகத்துக்குக் கொடுத்தது. வழிகாட்டலை மீறினால் அந்த நிறுவனங்களைக் கவனிக்கத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமிக்கலாம். 2010 ஜனாதிபதித் தேர்தலில் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க அப்படி ஒருவரை நியமித்துப் பார்த்தார். நிறுவனங்கள் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஆணையாளர் நியமனத்தையே திரும்ப எடுத்துக்கொண்டார். ஏட்டில் இந்திய ஆணையத்துக்கு இல்லாத பெரிய அதிகாரம் அது. இருந்தும் பயன்படவில்லை. சேஷன் காலத்து ஆணையத்துக்கு ஏட்டில் இருந்தது குறைவு, அதட்டலில் வந்தது அதிகம். 2015-ல் 19-ஆம் திருத்தத்தோடு சுயாதீன ஆணைக்குழு வந்து மஹிந்த தேசப்பிரிய அதன் தலைவரானபின் இலங்கையிலும் அந்த அதட்டல் கொஞ்சம் கேட்கத் தொடங்கியது.

இப்போது வந்திருக்கும் புது வேஷம் செயற்கை நுண்ணறிவால் இறந்தவர்களைப் பேசவைப்பது. 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் கருணாநிதி திரையில் தோன்றி டி. ஆர். பாலுவை வாழ்த்தினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் குரலில் அ.தி.மு.க. ஓர் ஒலிப்பதிவு வெளியிட்டது. இரண்டையும் சொந்தக் கட்சியே செய்ததால் புகார் இல்லை. அதே நுட்பத்தை எதிரி பயன்படுத்தினால் அது பொய். அந்த மே மாதம் தேர்தல் ஆணையம், இத்தகைய போலிப் பதிவு கவனத்துக்கு வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என்றது. இலங்கை 2024-ல் இணையவழிப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது, பொய்யைவிட விமர்சனத்தைத்தான் அது முதலில் பிடிக்கும் என்ற அச்சத்தோடு. யாழ்ப்பாணத்துப் போலி உதயனுக்கு ஓர் அச்சகமும், இருட்டில் தாளை எடுத்துப் போக ஆட்களும் தேவைப்பட்டார்கள். இன்று ஒரு கைப்பேசி போதும்.

இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தல் அந்த நாட்டின் மிக அமைதியான தேர்தல்களில் ஒன்று என்று கண்காணித்தவர்கள் சொன்னார்கள். அதில் செலவுச் சட்டத்தின் பங்கு எவ்வளவு, 2022-ல் பொருளாதாரம் சரிந்து மக்கள் தெருவுக்கு வந்ததில் அரசியல்வாதிகளுக்குப் பிடித்த பயத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஜனாதிபதித் தேர்தலில் விருப்பு வாக்குக்காகச் சொந்தக் கட்சிக்குள் அடித்துக்கொள்ள இடமே இல்லை என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

மாகாண சபைக்கு வந்தால் விருப்பு வாக்குப் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையாகும். தமிழ்நாட்டில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சட்டமன்றத் தேர்தல் தவறாமல் வருகிறது. இலங்கையில் கடைசியாக நடந்த மாகாணத் தேர்தல் 2014 செப்டம்பரில், ஊவாவில். 2017-ல் பாதித் தொகுதி, பாதி விகிதாசாரம் என்று கலப்பு முறைக்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். தொகுதி எல்லைகளை வகுத்த அறிக்கையை 2018-ல் பாராளுமன்றமே நிராகரித்தது. புதிய முறைக்கு எல்லை இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை. ஒன்பது சபைகளும் உறுப்பினர் இல்லாமல் ஆளுநர் கையில் கிடக்கின்றன. பழைய விகிதாசார முறைக்கே திரும்பித் தேர்தலை உடனே வையுங்கள் என்று வடக்கிலும் கிழக்கிலும் தமிழ்க் கட்சிகள் கேட்கின்றன. நியாயமான கோரிக்கை, அதுதான் விரைவான வழியும். ஆனால் பழைய முறையோடு விருப்பு வாக்கும் வரும். ஒரே பட்டியலில் நிற்கும் அண்ணனும் தம்பியும் ஒருவர் போஸ்டரின் மேல் ஒருவர் ஒட்டுவதற்கு, முடியுமென்றால் மூன்று விருப்பு வாக்குகளில் இரண்டைத் தங்களுக்குள் பேசி முடித்து மூன்றாமவரைக் கவிழ்ப்பதற்கு, இப்போதே ஆயத்தம் செய்துகொள்ளலாம்.